மலைநாட்டின் பழைய தோட்டங்கள்

தோட்டம் என்ற சொல்லுக்கு எம்மிடையே மூன்று பொருள் உண்டு. யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு அது வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் போடும் செம்மண் தறை. மலையகத்தவருக்கு அது லயன் அறையும் கொழுந்துக் கூடையும் உள்ள தேயிலைத் தோட்டம். பாடசாலைச் சுற்றுலாவில் பேராதனைக்குப் போய்வந்த பிள்ளைக்கு அது பூந்தோட்டம். இந்த மூன்றாவது வகைத் தோட்டம்தான் இரண்டாவது வகைத் தோட்டத்தைப் பெற்றெடுத்தது என்பது பலருக்குத் தெரியாது. முதலாவது வகைத் தோட்டம் செய்பவர்கள் அங்கு போய்ப் பார்க்கவும் கேட்கவும் நிறைய விடயங்கள் இருக்கின்றன என்பதும் அப்படித்தான். இக்கட்டுரையில் பேராதனை, ஹக்கல ஆகிய இரு பழைய தோட்டங்களைப் பற்றியும், அவற்றுக்கு அயலிலுள்ள சில இடங்களைப் பற்றியும் விளக்க முயல்கின்றோம்.

போர்க்காலத்தில் எமது வாசகர்களிற் பலருக்குக் கண்டி என்பது வானொலியில் கேட்கும் ஒரு பெயராக மட்டும் இருந்தது. வவுனியாவைத் தாண்டவே பாஸ் எடுக்க வேண்டியிருந்த நாட்கள் அவை. இன்று வீதி திறந்திருக்கிறது. மாதர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் ஆண்டுக்கொரு முறை பஸ் பிடித்து மலைநாட்டுக்குப் போய் வருகின்றன. போகிறவர்கள் தலதா மாளிகையையும் நுவரெலியாக் குளத்தையும் பார்த்துவிட்டு, பூந்தோட்டத்தில் ஒரு மணித்தியாலம் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்த ஒரு மணித்தியாலம் போதாது என்பதே எமது கருத்து.

பேராதனை

மகாவலி கங்கை கண்டிக்கு மேற்கே குதிரை லாடம் போல ஒரு வளைவு வளைகிறது. அந்த வளைவுக்குள் அகப்பட்ட ஏறத்தாழ 147 ஏக்கர் நிலமே பேராதனைத் தோட்டம். மூன்று பக்கமும் ஆறு. 14ஆம் நூற்றாண்டில் விக்கிரமபாகு மன்னன் இங்கு அரசிருந்ததாக வரலாறு கூறுகிறது. பின்னர் மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் இது அரச பூங்காவாக இருந்தது. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனபின், 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவரின் பொறுப்பில் இது தாவரவியல் தோட்டமாக ஆரம்பிக்கப்பட்டது.

இத்தோட்டமும் இடம்பெயர்ந்து வந்த ஒன்றுதான். 1810இல் கொழும்பு கொம்பனித்தெருவில் முதலில் ஒரு தோட்டம் போட்டார்கள். வெள்ளம் புகும் இடமாக இருந்ததால் 1813இல் அதைக் களுத்துறைப் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கிருந்து எட்டு ஆண்டுகளில் பேராதனைக்கு வந்தது. மூன்றாவது இடத்தில்தான் வேர் பிடித்தது.

மூன் முதலில் நட்டது பூச்செடிகளை அல்ல. கறுவாவையும் கோப்பியையுமே நட்டார். இத்தகைய தோட்டங்களைப் பிரித்தானிய அரசு உலகமெங்கும் அமைத்ததன் நோக்கத்தை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். ஒரு நாட்டில் விளையும் பயிரை எடுத்து, இன்னொரு நாட்டின் மண்ணிலும் மழையிலும் வைத்துப் பார்த்து, பிடித்தால் அதைப் பெருக்கித் தோட்டத்துரைமாரிடம் கொடுப்பது. இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டம் இவற்றுக்கெல்லாம் தாய்வீடு. கல்கத்தா, பேராதனை, சிங்கப்பூர் போன்றவை கிளை வீடுகள். அழகு பின்னால் வந்தது.

மூன் 1824இல் இலங்கையில் வளரும் தாவரங்களின் அட்டவணையொன்றை உள்ளூர்ப் பெயர்களுடன் வெளியிட்டார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். தாவரங்களை வரைவதற்கென ஹர்மனிஸ் டி அல்விஸ் என்ற உள்ளூர் ஓவியர் அமர்த்தப்பட்டு, சுமார் நாற்பது ஆண்டுகள் இலை இலையாக, பூப் பூவாக வரைந்தார். அவருக்குப்பின் அவருடைய பிள்ளைகளும் வரைந்தார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர்கள் செடிகளின் இலத்தீன் பெயர்களில் ஒட்டிக்கொண்டு இன்றும் நிற்கின்றன. கிடங்கு வெட்டிய, கன்று தூக்கிய, தண்ணீர் வார்த்த கூலியாட்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

தோட்டத்துக்குள் நடந்தால் முதலில் கண்ணில் படுவன பனை இன மரங்களின் நீண்ட நிரைகள். வெளிநாட்டு இனங்கள் பல. அவற்றினிடையே எங்கள் பனைக்கும் தனியாக ஒரு வீதி இருக்கிறது. வன்னியிலிருந்து எம்முடன் வந்திருந்த முதியவர் ஒருவர் அதைக் கண்டதும் நின்றுவிட்டார். "இந்தச் சேத்து மண்ணில இதுக்கென்ன வேலை?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. பனை வறட்சியைத் தாங்கும் மரம். ஆனால் வறட்சி வேண்டும் என்று கேட்கும் மரமல்ல. நீர் தேங்காமல் வடியும் நிலமானால் மழை கூடிய இடத்திலும் நிற்கும். இங்கே கள் இறக்குவாருமில்லை, ஓலை வெட்டுவாருமில்லை. போரிலே தலை அறுந்து நின்ற பனைகளைப் பார்த்துப் பழகிய எமக்கு, ஓலை காய்ந்து தானாக விழும்வரை நிற்கும் பனையைப் பார்ப்பதே ஒரு புதினமாக இருந்தது.

இரட்டைத் தேங்காய் மரத்தைக் கட்டாயம் பாருங்கள். இந்து சமுத்திரத்திலுள்ள சீசெல்ஸ் தீவுகளுக்குரிய மரம் இது. உலகிலேயே மிகப் பெரிய விதை இதனுடையது. ஒரு காய் முற்றுவதற்கு ஆறேழு ஆண்டுகள் எடுக்கும். மரம் பூப்பதற்கே பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். பனையைப் போல இதிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பாட்டன் நட்டதைப் பேரன்தான் காய்க்கக் காண்பான்.

ஆண், பெண் பேச்சு வந்ததால் சாதிக்காயையும் இங்கே சொல்லிவிடுகின்றோம். வாசனைத் திரவியப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் நட்ட சாதிக்காய் மரங்கள் நிற்கின்றன. விதை போட்டு வளர்த்தால் ஆணா பெண்ணா என்று பூக்கும்வரை தெரியாது. பூக்க ஆறு, ஏழு ஆண்டுகள் செல்லும். அதற்குப்பின் பாதி மரங்கள் ஆண் என்று கண்டால் அத்தனை நாள் உழைப்பும் வீண். இதனால்தான் பெண் மரத்தின் கிளையை எடுத்து நாற்றில் ஒட்டும் முறை வந்தது. வீட்டுத்தோட்டத்துக்கு இரண்டொரு கன்று வாங்குகிறவர்கள், விதைக்கன்றா ஒட்டுக்கன்றா என்று கேட்டு வாங்குவது ஏன் அவசியம் என்பதை இம்மரத்தடியில் நின்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தலாம்.

ஆற்றங்கரையில் பர்மாவிலிருந்து வந்த இராட்சத மூங்கில்கள் நிற்கின்றன. மழைக்காலத்தில் புதுக்குருத்து ஒரு நாளிலே ஓர் அடிவரை உயரும். அவற்றின் வேர்தான் கரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. குளக்கட்டுக்கும் வாய்க்கால் ஓரத்துக்கும் மூங்கில் வைக்கலாமா என்று யோசிப்பவர்கள், அது எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்வது நல்லது. பெரும் புற்றரையில் குடை விரித்தாற்போல நிற்கும் அத்தி இன மரம், தொங்கு பாலம், மரங்களில் தலைகீழாகத் தொங்கும் ஆயிரக்கணக்கான வௌவால்கள் ஆகியவை பிள்ளைகளுக்குப் பிடித்தவை. பிரமுகர்கள் நட்ட மரங்களும் உண்டு. பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் 1901இல் நட்ட நாகலிங்க மரம் அவற்றுள் ஒன்று. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை இந்தத் தோட்டத்திலேயே வைத்திருந்தார் என்பது, தோட்டங்கள் முகாமாவதைக் கண்ட எமக்கு அவ்வளவு வியப்பான செய்தியல்ல.

கோப்பி போன கதை

பேராதனையிலிருந்து பார்த்தால் தெரியும் மலைகளில் ஒருகாலத்தில் தேயிலை இருக்கவில்லை. கோப்பியே இருந்தது. 1830களுக்குப் பின் காட்டை வெட்டி எரித்துக் கோப்பி நட்டார்கள். அந்த வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப்பாதை வழியாக மாத்தளைவரை நடந்தார்கள். வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் மாண்டவர்கள் ஏராளம்.

1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. அப்போது பேராதனைத் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்தவர் துவெயிட்ஸ். அவர் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அது ஒரு புதிய பூஞ்சண நோய் என்று அங்கே கண்டறியப்பட்டது. தோட்டத்துரைமார் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்தையில் கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்தது. விளைச்சல் குறைந்தாலும் காசு குறையவில்லை. ஆகவே மேலும் மேலும் காட்டை வெட்டிக் கோப்பியையே நட்டார்கள். 1870களின் இறுதியில் கோப்பி இரண்டரை இலட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இங்கிலாந்திலிருந்து வந்து இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். நோய்த்தூள் காற்றில் பறந்து இலையில் விழுந்து, ஈரத்தில் முளைத்து, இலைக்குள் புகுகிறது என்று காட்டினார். மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிர் நிற்பதே இந்நோய்க்கு விரித்த பாய் என்பதையும் எடுத்துச் சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்த நூற்றாண்டு முடியுமுன் கோப்பி அநேகமாக அழிந்துபோயிற்று. துரைமார் பலர் கப்பலேறினார்கள். தொழிலாளருக்குக் கப்பல் இல்லை.

இந்தக் கதையைக் கமக்காரர் ஒருவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு போகத்தில் சின்ன வெங்காயம் விலை ஏறினால் அடுத்த போகத்தில் ஊர் முழுக்க வெங்காயம்தான். நோய் வந்தாலும் எல்லோருக்கும் வரும், விலை விழுந்தாலும் எல்லோருக்கும் விழும்.

கோப்பி விட்ட இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலை விதை 1839இலேயே கல்கத்தாத் தோட்டத்திலிருந்து பேராதனைக்கு வந்திருந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அது வேடிக்கைச் செடியாகவே நின்றது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் அதைப் பயிரிட்டார். 1890களின் நடுப்பகுதியில் மூன்று இலட்சம் ஏக்கர் தேயிலையாகிவிட்டது. கோப்பி பறிப்பு ஒரு பருவ வேலை. முடிந்ததும் ஊருக்குத் திரும்பலாம். தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் எடுக்க வேண்டியது. ஆகவே குடும்பம் குடும்பமாக லயன்களில் தங்கவேண்டியதாயிற்று. அப்படித் தங்கியவர்களின் பிள்ளைகளுக்கு 1948இல் குடியுரிமை மறுக்கப்பட்டது. 1964 ஒப்பந்தத்தால் பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியவர்களுக்கு முழுமையாகக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இடையில் 1977, 1983 கலவரங்களில் மலையை விட்டு ஓடி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறியவர்கள் உண்டு. அவர்களே பின்னர் போரில் மறுபடியும், சிலர் பத்துத் தடவைக்கு மேலும், இடம்பெயர்ந்தார்கள். இக்கட்டுரையை வாசிக்கும் குடும்பங்களிலும் அவர்களின் வழிவந்தோர் இருப்பீர்கள். பூந்தோட்டத்தின் தேயிலைச் செடியருகே நிற்கும்போது உங்கள் பூட்டனார் எந்தத் துறையில் இறங்கினார், எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார் என்று வீட்டிலுள்ள முதியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கண்ணாடிப் பெட்டி

கடல் கடந்து மாதக்கணக்கில் கன்றுகளை எப்படிக் கொண்டுவந்தார்கள்? உப்புக்காற்றில் பெரும்பாலான கன்றுகள் செத்துப்போயின. இலண்டனில் வார்ட் என்ற வைத்தியர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதற்கு வழி கண்டார். இவர் மேலே சொன்ன வார்ட் அல்ல. மண்ணும் செடியும் வைத்து இறுக மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள், இலை விடும் நீராவி இரவில் குளிர்ந்து கண்ணாடியில் படிந்து திரும்ப மண்ணிலே வடிகிறது. தண்ணீர் ஊற்றாமலே செடி மாதக்கணக்கில் உயிரோடிருக்கிறது.

இறப்பர் வந்த வழியும் இதுவே. இறப்பர் விதை காய்ந்தால் சில வாரங்களில் முளைக்கும் சக்தியை இழந்துவிடும். 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை அவசரமாகக் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் 1,919 கன்றுகள் 38 கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு வந்தன. அவற்றை நடுவதற்கெனக் கம்பஹாவில் ஹெனரத்கொட தோட்டம் திறக்கப்பட்டது. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களிற் பெரும்பாலானவை இப்படி வந்த கன்றுகளின் பரம்பரையே. பிரேசில் அந்தச் சந்தையை இழந்தது. ஒரு நாட்டின் விதை இன்னொருவர் கையில் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

மிளகுத் தண்டை வேர்பிடிக்க வைக்க நாற்றுமேடையில் வளைந்த தடியின் மேல் பொலித்தீன் போர்த்து ஓரங்களை மண்ணால் மூடுகிறோமே, அது அந்தக் கண்ணாடிப் பெட்டியின் ஏழைத் தம்பிதான். நிழலில் வைத்து, இறுக மூடி, ஒவ்வொரு நாளும் திறந்து பார்க்காமல் விட்டால் நான்கைந்து வாரங்களில் வேர் வரும். திறந்து திறந்து பார்ப்பவர்களுக்குத்தான் தண்டு அழுகும் அல்லது வாடும்.

ஹக்கல

நுவரெலியாவிலிருந்து வெலிமடை போகும் வீதியில் ஆறு மைல் சென்றால் ஹக்கல. வழியிலே சீதாஎலியவில் சீதையம்மன் கோயில். அசோகவனம் இதுவே என்பது ஊர் ஐதீகம். தோட்டத்துக்குப் பின்னால் 7,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஹக்கல மலை. அனுமன் தாடையில் கௌவிக்கொண்டுவந்த மலைத்துண்டு என்று அதன் பெயருக்குக் காரணம் சொல்லுவார்கள். காலையில் பனிமூட்டம் மலையை மறைத்திருக்கும். வெயில் ஏற ஏற மூட்டம் விலகி, கீழே ஊவாப் பள்ளத்தாக்கும் படிப்படியான மரக்கறித் தறைகளும் தெரியவரும். கண்ணுக்கு இதமான காட்சி. ஒரு சுவெட்டர் இல்லாமல் போனால் அந்த இதம் அரை மணித்தியாலம்கூட நிற்காது.

இன்று ஹக்கல என்றால் ரோசாப்பூ. 1861இல் அது தொடங்கப்பட்டது மலேரியாவுக்காக. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலையிலுள்ள சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்துதான் கொயினா மருந்து எடுக்கப்பட்டது. அம்மரத்தின் விதைகளைக் கிளெமெண்ட்ஸ் மார்க்கம் என்பவரின் குழுவினர் எடுத்துவந்தபோது, குளிர்ந்த உயரமான இடம் தேவைப்பட்டது. ஹக்கல தெரிவு செய்யப்பட்டது. ஆரம்பத்தில் கன்றுகளைச் சும்மா கொடுத்தும் துரைமார் வாங்கவில்லை. கோப்பி விழத் தொடங்கியதும் எல்லோரும் சிங்கோனா கேட்டு ஓடிவந்தார்கள். எல்லோரும் நட்டார்கள். 1880களில் இலங்கைப் பட்டை இலண்டன் சந்தையை நிரப்பியது. விலை தரைமட்டமாயிற்று. யாவாத்தீவில் ஒல்லாந்தர் சத்து அதிகமுள்ள ஓர் இனத்தைத் தெரிந்து பெருக்கியிருந்ததால் பின்னர் அவர்களே சந்தையைப் பிடித்துக்கொண்டனர். இலங்கையில் சிங்கோனா கிளப்பப்பட்டுத் தேயிலை நடப்பட்டது.

மலேரியா நிற்கவில்லை. 1934, 1935 ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில் இலங்கையில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர். வன்னிக் காட்டோரங்களிலும் முகாம்களிலும் அக்காய்ச்சலில் நடுங்கியவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். இலங்கை மலேரியா இல்லாத நாடென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016இல். அந்த நீண்ட போராட்டத்தின் முதல் நாற்றுமேடைகளில் ஒன்று இந்த ரோசாப் பாத்திகளுக்கு அண்மையில் இருந்தது.

ஹக்கலயில் எமது கமக்காரர் அவதானிக்க வேண்டியது அங்கே சரிவு நிலம் ஆளப்படும் விதம். பாத்திகள் சரிவுக்குக் குறுக்கே போடப்பட்டிருக்கின்றன. கல்லணைகள் மண்ணைப் பிடிக்கின்றன. வடிகான்கள் மழைநீரை மெல்ல இறக்குகின்றன. வெளியே வந்து வீதியோரத்து உருளைக்கிழங்குத் தறைகள் சிலவற்றைப் பாருங்கள். சரிவின் போக்கிலேயே வரம்பு போட்டிருப்பார்கள். மழைக்குப்பின் மண் சிவப்பாகக் கரைந்து ஓடும். ஒரே மலை, ஒரே மழை, இரண்டு விதமான விவசாயம். சம நிலத்தில் பழகியவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் குளக்கட்டின் கீழும் மேட்டுக் காணியிலும் மண் அரிப்பு எங்களுக்கும் உண்டு.

சீதாஎலியவில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நோயற்ற விதை உருளைக்கிழங்கை உண்டாக்கும் வேலை அங்கே நடக்கிறது. கிழங்கின் மிகச்சிறிய நுனிப்பகுதியைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து, அதிலிருந்து சிறு செடிகளும், சிறு செடிகளிலிருந்து சிறு கிழங்குகளும் பெறுகிறார்கள். குடாநாட்டில் உருளைக்கிழங்கு செய்பவர்கள் குழுவாகப் போவதானால் முன்கூட்டியே எழுதி அனுமதி கேளுங்கள்.

ஆற்றுக்கு அக்கரை

நாம் கடைசியாகச் சொல்ல வைத்திருந்ததுதான் எமக்கு முக்கியமானது. பேராதனைத் தோட்டத்துக்கு எதிரே, ஆற்றுக்கு அக்கரையில் கன்னொறுவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பேராதனைத் தோட்டத்தார் அங்கே பரிசோதனைப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார்கள். 1912இல் விவசாயத் திணைக்களம் உருவானது. 1980களின் இறுதியில் ஜப்பானிய உதவியுடன் அங்கே தாவர மரபணு வள நிலையம் அமைக்கப்பட்டது. பொதுவாக விதை வங்கி என்று சொல்லலாம். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சேகரித்த பழைய நெல், தானியம், பயறு, மரக்கறி இனங்களின் விதைகளை நன்கு உலர்த்தி, காற்றுப் புகாமல் அடைத்து, குளிரறையில் வைத்திருக்கிறார்கள். இடையிடையே எடுத்து முளைதிறன் பார்க்கிறார்கள். குறைந்தால் வயலில் போட்டுப் புதுப்பிக்கிறார்கள். பலா, கறுவா போன்றவற்றின் விதை உலர்ந்தால் செத்துவிடும். ஆகவே அவற்றை மரமாகவே வளர்த்துக் காக்க வேண்டும்.

இடம்பெயர்வில் நாம் இழந்தவற்றைக் கணக்கெடுக்கும்போது வீடு, மாடு, உழவு இயந்திரம், நகை என்று எழுதினோம். நிவாரணப் படிவத்தில் விதைக்கு ஒரு கட்டம் இருந்ததாக எமக்கு நினைவில்லை. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் என்று பெயர் சொல்லி வைத்திருந்த விதைநெல் சாக்குகள், அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தூக்கிய சோளப்பொத்திகள், சாம்பலில் புரட்டி வைத்த கத்தரி விதை என்பன விட்டுவிட்டு ஓடிய வீடுகளோடு போயின. மீளக் குடியமர்ந்தபோது கிடைத்தது நிறுவனங்கள் கொடுத்த ஓரிரு இன விதைநெல்லே. அது விளைந்தது, பசியும் ஆறியது, மறுப்பதற்கில்லை. ஆனால் மழை பிந்திய ஆண்டில் எதை விதைப்பது, உவர்த் தறைக்கு எது என்று வீட்டுக்கு வீடு இருந்த தெரிவு போய்விட்டது.

அந்தத் தெரிவின் ஒரு பகுதி கன்னொறுவையின் குளிரறையில் இருக்கலாம். அங்கே ஒரு மாதிரியில் இருப்பது சில கைப்பிடி விதைதான். ஆகவே ஒருவர் தனியாகப் போய் மூடைக் கணக்கில் கேட்டுப் பயனில்லை. கமக்காரர் அமைப்பின் பெயரில், விவசாயப் போதனாசிரியர் ஊடாக, முன்கூட்டி எழுதிக் கேட்பதே முறை. சிறிதளவு கிடைத்தாலும் அதை ஒரு பாத்தியில் தனியாக விதைத்து, கலப்பில்லாமல் அறுத்து, இரண்டு மூன்று போகங்களில் பெருக்கிக்கொள்ளலாம். நம்பிக்கையான ஒருவரின் வயலில் மட்டும் போடாமல் இரண்டு மூன்று இடங்களில் போடுங்கள்.

பயணத்துக்கு வேண்டியவை அதிகமில்லை. கண்டியிலிருந்து கொழும்பு வீதியால் போகும் பஸ்கள் பேராதனைத் தோட்ட வாசலைக் கடந்தே செல்கின்றன. நுவரெலியாவிலிருந்து வெலிமடை பஸ் ஹக்கல வாசலில் நிறுத்தும். புகையிரதத்தில் வருபவர்கள் நானுஓயாவில் இறங்க வேண்டும். உள்நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவரைவிட மிகக் குறைவு. பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அதிபரின் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். குடை கட்டாயம். சாப்பாட்டுப் பார்சலைக் குரங்கு கண்டால் உங்களுக்கு மிஞ்சாது. மரங்களின் கீழ் கிடக்கும் விதைகளைப் பொறுக்கி மடியில் கட்டாதீர்கள். கன்று வேண்டுமானால் பேராதனையிலேயே விற்பனை நிலையம் உண்டு. பெயர்ப்பலகைகளில் இலத்தீன் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வேலை செய்யும் தோட்டக்காரரிடம் கேட்டால் சிங்களப் பெயர் சொல்வார். கூட்டத்தில் சிங்களம் தெரிந்த ஒருவர் இருந்தால் பாதிப் படிப்பு அவரிடமிருந்தே கிடைக்கும்.

கன்னொறுவைக்கும் போக எண்ணுபவர்கள் புறப்படுமுன் ஒரு வேலை செய்யுங்கள். ஊரிலுள்ள வயோதிபர்களிடம் போய், முன்பு விதைத்த நெல்லினங்களின் பெயர்களைக் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். பெயர் மட்டும் போதாது. எந்த ஊர், எந்தக் குளத்தின் கீழ், காலபோகமா சிறுபோகமா, எத்தனை மாதம், அரிசி சிவப்பா வெள்ளையா, மணியில் மீசை உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விதை வங்கிப் பதிவுகளில் இனத்தின் பெயரோடு அது சேகரிக்கப்பட்ட இடமும் குறிக்கப்பட்டிருக்கும். ஒரே நெல்லுக்கு மன்னாரில் ஒரு பெயரும் மட்டக்களப்பில் வேறொரு பெயரும் இருப்பதுண்டு. அந்தக் கொப்பி கையில் இருந்தால் தேடுகிறவருக்கும் தேடிக் கொடுப்பவருக்கும் வேலை இலகுவாகும்.